அண்ணே... வண்டி கண்டிஷன் எப்படி?

டூர் பிளான் பண்றோம்னு வைங்க. ஐ.வி.யோ, சீனியர் அக்கா கல்யாணமோ, செமஸ்டர் முடிஞ்ச கையோட கொடைக்கானலோ... வண்டி பேசுற பொறுப்பு யாராவது ஒரு அப்பாவி தலையில் விழும். அவன் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் தமிழ்நாடு முழுக்க ஒரே சிலபஸ்தான். 'கிலோ மீட்டருக்கு எவ்வளவுண்ணே? ஏ.சி. போட்டா எக்ஸ்ட்ராவா? டிரைவர் பேட்டா இதுலயே அடங்கிருமா? புளூடூத் இருக்கா? ஏழு சீட்டுல ஒன்பது பேர் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?'

ஒரு கேள்வி மட்டும் எப்பவுமே அவுட் ஆஃப் சிலபஸ். 'அண்ணே, வண்டி கண்டிஷன் எப்படி? பிரேக் பார்த்து எத்தனை நாளாச்சு?'

இப்படிக் கேட்டால் டிரைவர் அண்ணன்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். காரைக்குடியில் எந்த ஸ்டாண்டிலாவது பத்து நிமிஷம் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வண்டிக் கண்டிஷன் பற்றி அவர்களுக்கு இருக்கிற கவலையில் கால்வாசிகூட பின் சீட்டில் உட்கார்ந்து மொபைல் நோண்டுகிற நமக்கு இல்லை. இருக்காதா பின்னே? எது வந்து மோதினாலும் முன்னால் உட்கார்ந்திருப்பது அவர்கள்தானே!

செட்டிநாட்டில் டாக்ஸிக்கு எப்பவும் வேலை உண்டு. காரைக்குடியில் இருந்து மதுரை விமான நிலையமும் திருச்சி விமான நிலையமும் ஆளுக்குச் சுமார் 90 கி.மீ. தூரம். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள், அறுபதாம் கல்யாணத்துக்குப் பூர்வீக வீட்டைத் திறக்க வருகிற ஆச்சிகள், செட்டியார்கள், சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து நடுராத்திரி ஃபிளைட்டில் இறங்குகிற அண்ணன்கள், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி முடித்து அப்படியே ராமேஸ்வரம் போகிற குடும்பங்கள்... எல்லோரும் ஏறுவது இதே வெள்ளை வண்டிகளில்தான்.

காதுதான் ஸ்கேனர்!

நல்ல டிரைவருக்கு வண்டியின் வியாதி சத்தத்திலேயே தெரிந்துவிடும். 60 கி.மீ. தாண்டியதும் 'ஊஊ'ன்னு ஒரு சீரான முனகல் வந்து, வளைவில் மட்டும் அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்'குன்னால் லிங்க் ராடோ, பாட்டம் ஆர்மோ. பிரேக் மிதிக்கும்போது கீச்சென்று கத்தினால் பேட் தேய்ந்துவிட்டது. பல வண்டிகளில் இந்தக் கீச்சுச் சத்தம் வேண்டுமென்றே வைத்தது. பேடில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் குறிப்பிட்ட அளவுக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, சென்சார் கிடையாது... வெறும் தகட்டை வைத்து ஒரு அலாரம். டிசைன் பண்ணின புண்ணியவானுக்கு ஒரு சல்யூட்!

ஆனால், சத்தம் டிரைவருக்குக் கேட்கும். பணம் ஓனரிடம் இருக்கும். இங்கேதான் சிக்கல்.

ஓனரே டிரைவராக இருந்தால் பிரச்னை பாதி குறைவு. இன்னொருத்தர் வண்டியைச் சம்பளத்துக்கோ, டிரிப்புக்கு இவ்வளவு என்றோ ஓட்டுகிறவர் 'அண்ணே, முன் வீல்ல சத்தம் வருது'ன்னால், 'இந்த மாச டியூ கட்டிட்டுப் பார்த்துக்கலாம்ப்பா, முகூர்த்த நாள் வேற'ன்னு பதில் வரும். ஓனரையும் வில்லனாக்கிவிட முடியாது. டியூ, இன்ஷூரன்ஸ், பர்மிட், வரி எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். இதில் தள்ளிப்போடக்கூடிய ஒரே செலவு ரிப்பேர்தான். அதனால் அதுதான் தள்ளிப்போகிறது.

ஆக்டிங் டிரைவர்கள் பாடு இன்னும் மோசம். ரெகுலர் டிரைவர் லீவு போட்ட அன்று அவசரமாகக் கூப்பிடுவார்கள். காலை 4 மணிக்குச் சாவி கைக்கு வரும், 4.15-க்கு டிரிப். அந்த வண்டியில் பிரேக் எவ்வளவு ஆழத்தில் பிடிக்கும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் ஓட்டும்போதுதான் தெரியவரும். அதற்குள் பின் சீட்டில் ஒரு குடும்பமே தூங்க ஆரம்பித்திருக்கும்.

'கவர்மென்ட்டே எஃப்.சி. பார்க்குதே'ன்னு கேட்கலாம். பார்க்கிறது. 2018-ல் மாற்றிய விதிப்படி புது டாக்ஸிக்கு முதல் 2 வருஷம் எஃப்.சி. தேவையில்லை. அப்புறம் வண்டிக்கு 8 வயசு ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருஷா வருஷம். ஓயாமல் ஓடுகிற ஒரு டாக்ஸி 2 வருஷத்தில் லட்சம் கிலோ மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பிரேக் பேட் அதற்குள் எத்தனை தடவை தேயும், டயர் எத்தனை செட் மாறும்? எஃப்.சி. என்பது செமஸ்டர் எக்ஸாம் மாதிரி. அன்றைக்கு வண்டி பாஸ். மற்ற நாட்களில் அது எப்படி இருக்கிறது என்பது டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டியிலேயே தயாரிப்புக் கோளாறு என்றால்? கம்பெனியைத் திரும்ப அழைக்க வைக்கிற விதி 2021 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கிறது. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே கோளாறு பற்றிப் புகார்கள் குவிந்தால் அரசே ரீகால் செய்யச் சொல்லலாம். புகார் பதியப்போவது யார்? வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர். தினமும் 300 கி.மீ. ஓட்டுகிறவர் பெயர் ஆர்.சி. புக்கில் இருப்பதில்லை!

ராமேஸ்வரம் போய்ட்டு வந்தா...

கடல் உப்பு... காரைக்குடி டிரைவர்களுக்கென்றே அமைந்த ஒரு ஸ்பெஷல் எதிரி.

பாம்பன் பாலம் 1988-ல் திறந்ததில் இருந்து ராமேஸ்வரத்துக்கு நேராகக் காரிலேயே போகலாம். 2017-ல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு, டாக்ஸிகள் இரண்டு பக்கமும் கடல் தெறிக்கிற இடம் வரைக்கும் போய் நிற்கின்றன. நாம் இறங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, உப்புக் காற்று வண்டிக்கு அடியில் அதன் வேலையை ஆரம்பித்திருக்கும்.

இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இது ஸ்கூல் பாடம். இதில் உப்பு சேர்ந்தால் ஈரம் நல்ல மின்கடத்தியாகிவிடும். துருப்பிடிக்கிற மின்வேதி வினை வேகம் எடுக்கும். உப்புக்கு இன்னொரு கெட்ட குணம், காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் வண்டி காரைக்குடி திரும்பி ஷெட்டில் காய்ந்து நிற்கிற மாதிரி தெரிந்தாலும், மட்கார்டு இடுக்கில் படிந்த உப்பு வினையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். முதலில் அடி வாங்குவது கண்ணுக்குத் தெரியாத பாகங்கள். பிரேக் ஆயில் போகிற மெல்லிய இரும்புக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற போல்ட்டுகள், சைலன்சர். பிரேக் குழாய் துருவில் மெலிந்து, ஒருநாள் அவசரமாக ஓங்கி மிதிக்கும்போது ஓட்டையானால்... அந்த நேரத்தில்தான் அழுத்தமும் அதிகம் என்பதை யோசியுங்கள்.

இதில் சுவாரஸ்யமான ஒரு கூத்து உண்டு. துருவைப் பற்றி நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர்கள் இருக்கிற இடங்களில் ஒன்று நம்ம காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த 'சிக்ரி'. மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கடல் காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு மையம் உண்டு. ராமேஸ்வரம் போகிற ஒவ்வொரு டாக்ஸியும் மண்டபத்தைத் தாண்டித்தான் போகிறது!

தீர்வு ராக்கெட் சயின்ஸ் இல்லை. ராமேஸ்வரம் டிரிப் முடிந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வாட்டர் வாஷ் கொடுத்தால் காசு, நேரம். அதனால் மேலே பளபளப்பாகத் துடைத்து, டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டு, சாமிக்குப் பூ வைத்து அடுத்த டிரிப்புக்குக் கிளம்புகிறார்கள். நாமும் 'வண்டி சூப்பரா மெயின்டெயின் பண்றீங்கண்ணே'ன்னு சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறோம்.

அம்பாசடர்னா இரும்பு தம்பி!

பழைய டிரைவர்களிடம் பேசினால் இந்த டயலாக் வராமல் இருக்காது. 'அம்பாசடர் தகரத்தைத் தட்டிப் பாரு, டங்குனு கேட்கும். இப்ப வர்ற வண்டியெல்லாம் டப்பா. லேசா இடிச்சாலே நசுங்கிருது.'

பாசத்தை மதிக்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற இங்கிலாந்துக் காரை வைத்து 1950-களின் கடைசியில் ஆரம்பித்து, 2014 மே மாதம் உத்தர்பாரா ஃபேக்டரி நிற்கும்வரை ஓடிய வண்டி அது. எந்த ஊர் மெக்கானிக்கும் ஸ்பேனரை வைத்துச் சரிபண்ணிவிடுவார். நம்பகத்தன்மை என்பதற்கு டிரைவர் அகராதியில் அதுதான் அர்த்தம்... 'ரிப்பேர் ஆகாது' என்பது இல்லை, 'ஆனாலும் வழியிலேயே சரி பண்ணிடலாம்' என்பது. டவேரா வைத்திருந்தவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். 2013-ல் 1.14 லட்சம் டவேராக்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. 2017 கடைசியில் கம்பெனியே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. வண்டி நன்றாக ஓடினாலும் ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்கிற கவலை ஓனர் தலையில் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் 'கெட்டித் தகரம் என்றால் பாதுகாப்பு' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. மோதும்போது வண்டியின் இயக்க ஆற்றல் எங்கேயாவது போயே ஆக வேண்டும். முன்பக்கம் மடங்கி நசுங்கினால் ஆற்றலை அது தின்றுவிடும், வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் கூடும், உள்ளே இருப்பவர் மேல் விசை குறையும். முன்பக்கம் மடங்காமல் விறைப்பாக நின்றால் அந்த அதிர்ச்சி நேராக ஆளுக்குத்தான் வரும். பழைய வண்டிகளில் மடங்காத ஸ்டியரிங் தண்டு ஈட்டி மாதிரி நெஞ்சுக்கு நேராக இருக்கும். அதாவது, நசுங்க வேண்டிய இடம் நசுங்கணும், ஆள் உட்கார்கிற கூண்டு நசுங்கவே கூடாது. 'டப்பா'ன்னு திட்டு வாங்குகிற பானெட் வேண்டுமென்றே டப்பாவாகச் செய்யப்பட்டது.

அதற்காகப் புது வண்டி எல்லாம் சூப்பர் என்றும் சொல்லிவிட முடியாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற 5 சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ஜிய ஸ்டார்! அதில் ஒன்றான போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதியபோது 4 ஸ்டார். அதே கார்... வித்தியாசம் இரண்டு பலூன்.

டாக்ஸிகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்தப் பலூன் இல்லாத பேஸ் மாடல்தான். டிரைவருக்கான ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம் என்று வந்தது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்துக் கட்டாயமானது 2021-ல். அதற்கு முன்னால் வாங்கிய டாக்ஸிகள் இன்னும் ரோட்டில்தான் இருக்கின்றன. இவற்றில் விதிவிலக்கு டொயோட்டா எட்டியாஸ். 2016-ல் ஏர்பேக்கோடு சோதித்தபோது 4 ஸ்டார் வாங்கியது. 'டாக்ஸி வண்டி'ன்னு நம்ம பசங்க கிண்டல் பண்ணின கார், அதே வருஷம் பூஜ்ஜியம் வாங்கிய ஸ்டைலான சில வண்டிகளைவிட உறுதியாக இருந்தது. 2020-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ரொம்ப உறுத்தியது டிசையர் கதை. 2017-ல் புதுத் தலைமுறை டிசையர் வந்தபோது, பழைய தலைமுறையை டாக்ஸிக்கென்று 'டூர் எஸ்' என்ற பெயரில் தொடர்ந்து விற்றார்கள். 2024 நவம்பரில் அதற்கும் அடுத்த தலைமுறை வந்து, குளோபல் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்கியது. அப்போதும் டாக்ஸிக்காரர்களுக்கு ஒதுக்கியது முந்தைய தலைமுறையைத்தான். விலை குறைவு, ஸ்பேர் எளிது, டிரைவர்களுக்குப் பழகிய வண்டி... காரணங்கள் இருந்தன. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகிற சொந்தக் காருக்குப் புது டிசைன், தினமும் 300 கி.மீ. ஓடுகிற வண்டிக்குப் போன தலைமுறை டிசைன் என்றபோது கணக்கு எங்கேயோ இடித்ததே?

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கணக்கு

புது டாக்ஸிகள் 80 கி.மீ.க்கு மேல் போகாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தித்தான் வருகின்றன. டிரைவர்கள் மத்தியில் இதற்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. 'ஓவர்டேக் எடுக்கும்போது பாதியில வண்டி இழுக்க மாட்டேங்குது தம்பி, எதிர்ல லாரி வருது, என்ன செய்ய?'

பயம் நியாயமானது. கணக்கு போட்டுப் பார்த்தேன். முன்னால் பஸ் 70-ல் போகிறது. நம் டாக்ஸி உச்சபட்சம் 80. வித்தியாசம் 10 கி.மீ. வேகம், அதாவது விநாடிக்கு 2.8 மீட்டர். பஸ் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 18 விநாடி ஆகும். அந்த 18 விநாடியில் நாம் 400 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே 80-ல் வருகிற வண்டியும் 400 மீட்டர் வந்திருக்கும். அப்படியானால் ஓவர்டேக் ஆரம்பிக்கும்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் 800 மீட்டர் ரோடு காலியாக இருக்க வேண்டும்!

சென்டர் மீடியன் இல்லாத இருவழி ரோட்டில் 800 மீட்டர் காலி ரோடு பகலில் கிடைத்தால் லாட்டரி. ராத்திரியில் அவ்வளவு தூரம் தெரியவே தெரியாது. தைப்பூச சமயத்தில் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு ஓரமாக நடந்து போகிற பாதயாத்திரை பக்தர்களை வேறு கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே கருவியைக் கழற்றிவிடலாமா? 80-லேயே நிறுத்த முடியாத வண்டியை 110-ல் ஓட்டினால் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், வேகத்தின் வர்க்கக் கணக்கு அது. என்னைக் கேட்டால் பதில் ரொம்ப போரான பதில்தான். பஸ் பின்னாலேயே போவது. அனுபவசாலி டிரைவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிப் போகும்போது பின் சீட்டில் இருந்து ஒரு குரல் வரும் பாருங்கள்... 'என்னண்ணே, உருட்டிக்கிட்டே போறீங்க? மிதிங்கண்ணே!'

அந்தக் குரல் நம்ம குரல்தான்.

70 தடவை பிரேக்

காலேஜ் கும்பலோடு கொடைக்கானல் போகிற டிரைவர்களின் பெரிய தலைவலி, இறக்கம். சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மலையடிவாரம் வரை சுமார் 1,800 மீட்டர் இறங்க வேண்டும். ஆளும் லக்கேஜும் சேர்த்து 2 டன் வண்டி என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படுகிற ஆற்றல், 80 கி.மீ. வேகத்தில் ஓடுகிற வண்டியைச் சுமார் 70 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். டயர் உராய்வும் காற்றும் ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி? இரண்டாவது, மூன்றாவது கியரில் இறக்கினால் இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் மொத்தமும் பிரேக் தலையில்.

பிரேக் சூடானால் பிரேக் ஆயிலும் சூடாகும். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். டாட்-3 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலாக இருந்தால் 140 டிகிரியே போதும். கொதித்தால் குழாய்க்குள் குமிழி. குமிழி அமுங்கும், பெடல் 'புஸ்'ஸென்று தரை வரை போகும், வண்டி மட்டும் நிற்காது. இத்தனைக்கும் இந்த டீசல் மிச்சம் என்பதே வெறும் நம்பிக்கை. இப்போதைய இன்ஜின்களில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எரிபொருள் சப்ளை நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் கொஞ்சம் எரியும்!

தூக்கம்... யார் பொறுப்பு?

வண்டியின் பாகங்களிலேயே சீக்கிரம் சூடாகிற பாகம் டிரைவர்தான். பகல் முழுக்க பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, ஆத்தங்குடி என்று சுற்றிவிட்டு, ராத்திரி 10 மணிக்குத் திருச்சி ஏர்போர்ட் பிக்-அப். ஃபிளைட் லேட். திரும்பும்போது விடிகாலை 3 மணி. எல்லோரும் குறட்டை. டிரைவர் மட்டும் வெத்தலையோ, டீயோ, சத்தமாக வைத்த இளையராஜாவோ துணையாக ஓட்டிக்கொண்டிருப்பார்.

1961-ம் வருஷத்து மோட்டார் டிரான்ஸ்போர்ட் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றெல்லாம் அழகாகச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்களை நினைத்து எழுதியது. இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்திருக்கிற டிராவல்ஸும், ஒத்தை வண்டி ஓனர்-டிரைவரும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சின்ன ஊர் ஸ்டாண்டுகளில் இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

இதில் நம் பங்கும் உண்டு. பேட்டா மிச்சம் பண்ண 'நைட்டோட நைட்டா திரும்பிடலாம்ணே' என்போம். லாட்ஜில் நமக்கு ரூம் போட்டுவிட்டு, டிரைவர் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துக் கொசுக்கடியில் படுத்துக்கொள்வார். மறுநாள் காலை மலைப் பாதையில் நம்மை ஏற்றிச்செல்கிற கண்கள் அவை.

வெள்ளைக்காரருக்கு மட்டும் பெல்ட்டா?

கடைசியாக, செட்டிநாட்டு டாக்ஸிகளில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். பின் சீட் பெல்ட். டிரைவர்கள் சொல்லிச் சிரிக்கிற ஒன்று. வெளிநாட்டுப் பயணிகள் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கை பெல்ட்டைத்தான் தேடும். பக்கிள் இல்லை என்றால் வண்டி நகர விடமாட்டார்கள். அதனால் ஹெரிடேஜ் ஹோட்டல் டிரிப் அடிக்கிற வண்டிகளில் பக்கிள் வெளியே இருக்கும். கல்யாண டிரிப், கோயில் டிரிப் வண்டிகளில் புது சீட் கவர் போடும்போதே பக்கிள் அடியில் புதைந்துவிடும். 'உட்கார்ந்தா உறுத்துதுன்னு சொல்றாங்க தம்பி' என்பதுதான் காரணம்.

2022-ல் சீட் பெல்ட் போடாததால் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. 8,384 பேர் ஓட்டியவர்கள், 8,331 பேர் கூட வந்தவர்கள். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதே 2022 செப்டம்பர் 4-ம் தேதி பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த பென்ஸ் கார், பின் சீட், பெல்ட் போடவில்லை. முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்று விதி இருக்கிறது, போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

50 கி.மீ. வேகத்தில் மோதுவது என்பது 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது ஹாஸ்டல் மூணாவது மாடியில் இருந்து விழுகிற மாதிரி. பெல்ட் போடாத 70 கிலோ ஆள் பின் சீட்டில் இருந்து அதே வேகத்தில் முன்னால் பறப்பார். எங்கே போய் மோதுவார்? டிரைவர் சீட்டின் முதுகில். டிரைவர் பெல்ட் போட்டிருப்பார், ஏர்பேக்கும் விரிந்திருக்கும். ஆனால் பின்னால் இருந்து வருகிற அடிக்கு அவரிடம் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

முன் சீட்டிலும் ஒரு சின்ன விஷயம். டேஷ்போர்டின் இடது பக்கம் ஏர்பேக் மூடிமேல் பிள்ளையாரை ஒட்டுவது. ஏர்பேக் கண் சிமிட்டுகிற நேரத்தில் வெடித்து விரியும், பிள்ளையார் கல்லாகப் பறந்து வருவார். நடுவில் ஏ.சி. வென்ட்டுக்கு மேலே நகர்த்தி வைத்தால் அவருக்கும் குளுகுளு, நமக்கும் நிம்மதி. முன்னால் மாட்டுகிற இரும்பு பம்பர் கார்டும் அதே மாதிரிதான். மோதலை ஏர்பேக் சென்சார் உணர்வதையே அது குழப்பிவிடும். 2017 டிசம்பரில் மத்திய அரசே அதைக் கழற்றச் சொல்லிவிட்டது.

அடுத்த டிரிப்புக்கு வண்டி வந்து நிற்கும்போது லக்கேஜ் ஏற்றுகிற கேப்பில் டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன மேடு இருக்கும். டயரின் தேய்மானம் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது, 1.6 மி.மீ.தான் மிச்சம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள், ஆச்சரியம் காத்திருக்கலாம். நம்பர் பிளேட் மஞ்சளா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்க முழு வாய்ப்பு உண்டு.

அப்புறம், பின் சீட் பக்கிளை எடுத்துவிடச் சொல்லுங்கள். சீட் கவரின் எலாஸ்டிக்கைக் கழற்றி, பெஞ்ச்சைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் துழாவ ஐந்து நிமிஷம் ஆகும். டிரைவர் அண்ணன் கொஞ்சம் முணுமுணுப்பார். கூடவே போன டிரிப்பில் யாரோ தொலைத்த ஹேர்கிளிப்பும், ரெண்டு கடலை மிட்டாய் கவரும் வெளியே வரும். பக்கிளில் மண் அடைத்திருந்தால் ஒரு ஊது ஊதிவிட்டு, 'டிக்'குன்னு சத்தம் கேட்கிற வரைக்கும் அழுத்திப் பாருங்கள்.